காரின் திரையில் விளம்பரம்: "நீங்கள்தானே சம்மதித்தீர்கள்" என்பது பதிலாகுமா?

வாசகர் கேள்விக்கு வழக்கறிஞர் ஆலோசனை

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் சாரம் இது.

அவருக்கு வயது 46. கணவரோடு சேர்ந்து விதை, உரக் கடை நடத்துகிறார். 14 மாதங்களுக்கு முன் 17 லட்சம் ரூபாய் கொடுத்துப் புதுக் கார் வாங்கினார்கள். பில் கடையின் பெயரில் இருக்கிறது. வாரம் இரண்டு நாள் தாயாரை டயாலிசிஸுக்காக மதுரைக்கு அழைத்துப்போவது இவர்தான். கார் வாங்கியதே அதற்காகத்தான். வண்டியோடு வந்த இணைய சேவை முதல் ஓராண்டு இலவசம். அது முடிந்ததிலிருந்து வண்டியை ஸ்டார்ட் செய்யும்போதும், சில சமயம் ஓடிக்கொண்டிருக்கும்போதும், திரையில் ஒரு பெட்டி குதிக்கிறது. "சேவையைப் புதுப்பியுங்கள்", "வாரண்டியை நீட்டித்துக்கொள்ளுங்கள்" என்று அது சொல்கிறது. ஆரஞ்சு நிறத்தில் பெரிதாக "இப்போதே", அதன் கீழே சாம்பல் நிறத்தில் பொடியாக "பிறகு". "வேண்டாம்" என்ற பொத்தான் எங்கேயும் இல்லை.

போன மாதம் வாடிப்பட்டியைத் தாண்டி நான்குவழிச் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது வரைபடத்தை மறைத்துக்கொண்டு அந்தப் பெட்டி வந்தது. "பிறகு" என்ற எழுத்தின்மேல் விரலை வைக்கப் போனார். முதல் தடவை விரல் தவறியது. இரண்டாவது தடவை தொட்டுவிட்டு நிமிர்ந்தபோது, பால் கேன்கள் தொங்கும் ஒரு மொபெட் பக்கச் சாலையிலிருந்து குறுக்கே ஏறிவிட்டது. பிரேக்கை மிதித்துவிட்டார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பின் இருக்கையில் அசந்து படுத்திருந்த தாயார் முன் இருக்கையில் போய் மோதிக்கொண்டார். "அன்று ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை" என்று எழுதியிருக்கிறார்.

இதோடு நிற்கவில்லை. காப்பீட்டு முகவர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் போனில் கூப்பிட்டு, "உங்கள் வண்டி 20,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டதே" என்றாராம். 80-ஐத் தாண்டினால் வண்டி சத்தம் போடுகிறது. சாலையில் போட்ட கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கிறது. ஏசியைக் கூட்டிக் குறைக்கவும் திரைக்குள்தான் போக வேண்டியிருக்கிறது. ஷோரூமில் கேட்டதற்கு, "நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டது நீங்கள்தானே மேடம், எங்கள் கையில் ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். வண்டியை இணையத்தோடு இணைக்கும் சிம் இருக்கும் பெட்டியின் ஒயரைத் தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து வெட்டிவிடலாம் என்கிறார் கணவர். புதுச் சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை கேட்கலாம் என்கிறார் அக்கா மகன். "கடை பெயரில் பில் இருப்பதால் நுகர்வோர் கோர்ட்டுக்கே போக முடியாது என்றும் ஒருவர் சொல்கிறார். நான் என்ன செய்வது? வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்க முடியுமா?" என்பது அவர் கேள்வி.

அன்புள்ள சகோதரி,

முதலில் வாடிப்பட்டிச் சம்பவம். அதை "என் கவனக்குறைவு" என்று கடிதத்தில் இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அப்படி எழுதாதீர்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் தாண்டிவிடும். வழி காட்டும் படத்தை மறைத்து, மூடினால்தான் வழி தெரியும் என்ற நிலையில் ஓட்டுநரை வைத்து, மூடும் பொத்தானையும் கண்ணுக்கு எட்டாத அளவில் வைத்தவர்கள் அந்த இரண்டு மூன்று நொடிக்குப் பொறுப்பேற்க வேண்டும். உங்கள் புகாரின் உயிர் இங்கேதான் இருக்கிறது. விளம்பரம் எரிச்சலூட்டுகிறது என்று மட்டும் எழுதினால் ஒரு மன்னிப்புக் கடிதத்தோடு முடிந்துவிடும். ஓடும் வண்டியில் ஓட்டுநரின் கண்ணைச் சாலையிலிருந்து இழுக்கிறது என்று எழுதினால் அது பாதுகாப்புப் பிரச்சினை. அதற்கு நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஐந்தாறு குறைகள் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருக்கின்றன. சட்டத்தின் முன் அவை ஒரே எடை உள்ளவை அல்ல. மூட்டையைப் பிரிக்காமல் கொண்டுபோனால், எதிர்த் தரப்பு வழக்கறிஞர் அதில் பலவீனமானதை உருவி எடுத்து, எல்லாமே அப்படித்தான் என்று காட்டிவிடுவார். எனவே நாமே பிரித்துவிடுவோம்.

புகாரிலிருந்து எடுத்துவிட வேண்டியவை

80-ஐத் தாண்டினால் வரும் சத்தம் நிறுவனம் கொடுக்கும் தொல்லை அல்ல. 2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் தயாராகும் கார்களில் வேக எச்சரிக்கை ஒலி கட்டாயம். 80-ஐத் தாண்டினால் விட்டுவிட்டு ஒலிக்க வேண்டும், 120-ஐத் தாண்டினால் நிற்காமல் ஒலிக்க வேண்டும். இருக்கை பெல்ட் போடாவிட்டால் வரும் ஒலியும் அப்படித்தான். அதை நிறுத்தித் தருகிறேன் என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஸ்டியரிங் இழுப்பது, கோடு மாறாமல் காக்கும் வசதி. சாலையில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டைக் கேமரா பார்த்து, இண்டிகேட்டர் போடாமல் கோட்டைத் தாண்டினால் வண்டியை உள்ளே திருப்பும். நம் சாலைகளில் பழைய கோடு அழியாமலே புதுக் கோடு போட்டிருப்பார்கள்; மராமத்து நடக்கும் இடத்தில் கோடு எங்கேயோ போகும். கேமரா குழம்பத்தான் செய்யும். கையேட்டில் இதை எச்சரிக்கையாகவே அச்சிட்டிருப்பார்கள். ஆகவே இதைக் குறைபாடு என்று நிரூபிப்பது கடினம். அந்த ஒரு வசதியை மட்டும் அணைத்துவைக்கலாம். முன்னால் தடை வந்தால் தானே பிரேக் போடும் வசதியை மட்டும் தயவுசெய்து அணைக்காதீர்கள். இரண்டும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து இருக்கும். அவசரத்தில் இரண்டையும் சேர்த்து அணைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏசி பொத்தான் திரைக்குள் இருப்பதைப் பற்றி நீங்கள் எழுதியது நூற்றுக்கு நூறு நியாயம். ஸ்வீடனில் ஒரு கார் இதழ் 2022-இல் இதைச் சோதித்துப் பார்த்தது. 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சூட்டைக் கூட்டுவது, வானொலி நிலையத்தை மாற்றுவது போன்ற சின்னச் சின்ன வேலைகளை ஓட்டுநர் முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார்கள். 2005-இல் தயாரான, பொத்தான்கள் மட்டுமே உள்ள ஒரு பழைய வால்வோ காரில் 10 நொடி. அதற்குள் வண்டி 306 மீட்டர் ஓடியிருந்தது. தொடுதிரை வைத்த புதுக் கார்களில் மிக மோசமானதில் 44.9 நொடி, வண்டி 1,372 மீட்டர் ஓடிவிட்டது. ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப் அமைப்பு, 2026 முதல் இண்டிகேட்டர், ஹார்ன், வைப்பர், அபாய விளக்கு போன்றவற்றுக்குக் கையால் தொட்டு உணரக்கூடிய பொத்தான்கள் வேண்டும் என்று மதிப்பீட்டையே மாற்றியிருக்கிறது. உங்கள் கைக்குத் தெரிந்ததை அவர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். இருந்தாலும், ஏசி பொத்தான் திரைக்குள் இருப்பது இங்கே சட்டமீறல் அல்ல. வாங்குமுன் வண்டியை ஓட்டிப் பார்த்தபோதே அது உங்கள் கண்முன் இருந்தது. அதை வழக்கில் சேர்த்தால் உங்கள் பக்கம் வலுவிழக்கும். கிளம்புவதற்கு முன்பே ஏசியை அமைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் இரண்டு: திரையில் குதிக்கும் விளம்பரம், உங்கள் தகவல் வெளியே போன விஷயம். இவை இரண்டும் உறுதியானவை.

வண்டி எடுத்த நாளில் நடந்தது

"நீங்கள்தானே ஏற்றுக்கொண்டீர்கள்" என்று ஷோரூமில் சொன்னதும் நீங்கள் வாயடைத்துத் திரும்பிவிட்டீர்கள். அதே கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிறபோக்கில் ஒரு தகவல் எழுதியிருக்கிறீர்கள். வண்டி எடுத்த அன்று அதற்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கேக் வெட்டி, எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், விற்பனைப் பிரிவுப் பையன் ஒருவன் உங்கள் போனை வாங்கி ஏதோ ஒரு ஆப்பை இறக்கினான். "மேடம், ஓடிபி சொல்லுங்கள்" என்றான். நீங்கள் ஆறு எண்களைச் சொன்னீர்கள். அவ்வளவுதான் உங்கள் "சம்மதம்".

இதே காட்சியை வேறு வேறு ஊர்க்காரர்கள் என் மேசை முன் உட்கார்ந்து சொல்லக் கேட்டிருக்கிறேன். திரையில் ஓடும் ஆங்கிலப் பக்கங்களை யாரும் படிக்கவில்லை, படிக்கச் சொல்லவும் இல்லை. எதற்கு அந்த எண்கள் என்றுகூடச் சொல்லவில்லை. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, சம்மதம் எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுக்கிறது: தன் விருப்பத்தோடு, விஷயம் தெரிந்து, குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்காக, ஐயத்துக்கு இடமில்லாத ஒரு செயலின் மூலம் கொடுத்ததாக இருக்க வேண்டும். அந்த நோக்கத்துக்குத் தேவையான தகவலுக்கு மட்டுமே அது செல்லும். கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். அறிவிப்பைத் தமிழில் படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். வழக்கு என்று வந்தால், முறையாக அறிவித்துச் சம்மதம் வாங்கினோம் என்று நிரூபிக்க வேண்டியது நிறுவனம்.

இங்கே அக்கா மகனின் கணக்கைத் திருத்த வேண்டியிருக்கிறது. இந்தச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. நான் மேலே சொன்ன கடமைகள் அறிவிப்பின்படி 18 மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. 250 கோடி என்பது, தகவல்களுக்குத் தக்க பாதுகாப்பு ஏற்படுத்தத் தவறிய நிறுவனத்துக்கு விதிக்கக்கூடிய அதிகபட்ச அபராதம். அந்தப் பணம் இந்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். அதிலிருந்து உங்களுக்கு ஒரு ரூபாய்கூட வராது. தம்பி நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்தத் தொகையை எங்கேயும் எழுதிவிடாதீர்கள்.

அதற்காக 2027 வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இன்றைக்கே உங்கள் கையில் இருக்கிறது. நுகர்வோர் நம்பிக்கையோடு கொடுத்த தனிப்பட்ட தகவலைச் சட்டத்துக்குப் புறம்பாக இன்னொருவருக்குக் கொடுப்பது முறையற்ற வணிக நடவடிக்கை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தின்கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், திரையில் வாடிக்கையாளரை ஏமாற்றியும் நச்சரித்தும் காரியம் சாதிக்கும் 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. அதில் ஒன்று, பணம் பறிக்கும் நோக்கத்தில் ஒரே வேண்டுகோளைத் திரும்பத் திரும்பக் காட்டி நச்சரிப்பது. இன்னொன்று, தங்களுக்கு வேண்டிய பொத்தானைப் பெரிதாகவும் வேண்டாததை மங்கலாகவும் வைத்து விரலைத் திசைதிருப்புவது. ஆரஞ்சு "இப்போதே"யும் சாம்பல் "பிறகு"வும் இதற்குப் பாடப்புத்தக உதாரணம். அந்த நெறிமுறைகள் இணையதளங்களுக்கும் செல்போன் ஆப்களுக்கும் மட்டும்தான் என்று நிறுவனம் வாதிடக்கூடும். ஆனால் பொருளையோ சேவையையோ விற்கும் எந்த மென்பொருளையும் உள்ளடக்கும்படி அந்த வரையறை விரிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. சேவையை விற்கும் காரின் திரைக்கும் அது பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து; உங்கள் வழக்கை நான் நடத்தினால் அப்படித்தான் வாதிடுவேன்.

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்தது அல்ல என்பதும் தெரிந்திருக்கட்டும். அமெரிக்காவில் 2025 தொடக்கத்தில், வண்டி நிற்கும்போதெல்லாம் வாரண்டி நீட்டிப்பு விளம்பரம் திரையை மறைக்கிறது என்று ஜீப் கார் உரிமையாளர்கள் புகார் செய்தார்கள். வேண்டாம் என்று விலகும் வசதி மென்பொருள் கோளாறால் வேலை செய்யவில்லை என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. இருக்கையைச் சூடாக்கும் வசதிக்கு மாதச் சந்தா கேட்ட பிஎம்டபிள்யூ, வாடிக்கையாளர்களின் எதிர்ப்புக்குப் பிறகு 2023-இல் அதைக் கைவிட்டது. சத்தம் போட்டவர்கள் இருந்ததால்தான் நிறுவனங்கள் பின்வாங்கின.

20,000 கிலோமீட்டர் அவருக்கு எப்படித் தெரிந்தது?

வண்டி ஒட்டுக்கேட்கிறது, எல்லாவற்றையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புகிறது, அடுத்த வருடம் பிரீமியம் ஏறப் போகிறது என்று பயந்திருக்கிறீர்கள். உங்கள் பயம் வெறும் கற்பனை அல்ல. இணையத் தனியுரிமைக்காக இயங்கும் மொசில்லா அறக்கட்டளை 2023-இல் 25 கார் பிராண்டுகளின் தனியுரிமைக் கொள்கைகளை ஆராய்ந்தபோது ஒன்றுகூடத் தேறவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் ஓட்டுநர் எப்படிப் பிரேக் போடுகிறார், எங்கே போகிறார் என்ற விவரங்கள் வெளி நிறுவனங்களுக்கு விற்கப்பட்டு, காப்பீட்டுக் கட்டணத்தையே பாதித்தது 2024-இல் வெளியே வந்தது. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் தலையிட்டு, அத்தகைய விவரங்களைக் கடன், காப்பீட்டுத் தகவல் நிறுவனங்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று ஐந்தாண்டுத் தடை விதித்தது.

ஆனால் உங்கள் விஷயத்தில் அவசரப்பட்டு முடிவுக்கு வர வேண்டாம். கடைசியாக எப்போது சர்வீஸ் விட்டீர்கள்? கடிதத்தின்படி, அந்த அழைப்பு வருவதற்கு 9 நாட்களுக்கு முன். சர்வீஸ் சென்டரில் வண்டியை வாங்கியதும் முதல் வேலையாக ஜாப் கார்டில் ஓடிய கிலோமீட்டரையும் உங்கள் செல்போன் எண்ணையும் எழுதுவார்கள். காப்பீட்டு முகவருக்கு வேண்டிய இரண்டும் அந்த ஒரு தாளில் இருக்கின்றன. ஆகவே தகவல் காரின் சிம்மிலிருந்து போனதாக இருக்கலாம், ஜாப் கார்டிலிருந்து போனதாகவும் இருக்கலாம்; இரண்டாவதுதான் எனக்கு அதிகம் படுகிறது. புகாரில் "கார் உளவு பார்க்கிறது" என்று குற்றம் சாட்டாமல், "என் எண்ணையும் ஓடிய தூரத்தையும் யாருக்கெல்லாம் கொடுத்தீர்கள்?" என்று கேள்வியாகக் கேளுங்கள். தயாரிப்பாளரையும் டீலரையும் தனித்தனியாகக் கேளுங்கள். இருவரும் ஒரே பதிலைச் சொல்கிறார்களா என்று பார்ப்போம்.

பிரீமியத்தைப் பற்றி: ஓட்டும் விதத்தையும் தூரத்தையும் வைத்துக் கட்டணம் கணக்கிடும் திட்டங்களுக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையில் அனுமதி கொடுத்தது. ஆனால் அது நாமாகக் கேட்டு எடுக்கும் கூடுதல் திட்டம். உங்கள் பாலிசியின் முதல் பக்கத்தில் கூடுதல் திட்டங்களின் பட்டியல் இருக்கும். அதில் அப்படி ஒன்று இல்லாவிட்டால் உங்கள் பிரேக்கை யாரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. மூன்றாம் தரப்புக் காப்பீட்டுக்கான கட்டணத்தை மத்திய அரசு நிர்ணயிக்கிறது. அதில் உங்கள் ஓட்டும் விதத்துக்கு இடமே இல்லை.

அந்த அழைப்புகளுக்கு மட்டும் தனி வழி உண்டு. 1909-இல் உங்கள் எண்ணைத் தொல்லை வேண்டாப் பட்டியலில் பதிவு செய்யுங்கள். அதன் பிறகும் விற்பனை அழைப்பு வந்தால், வந்த 7 நாட்களுக்குள் அதே 1909-இல் புகார் செய்யுங்கள். எண், தேதி, நேரம், அவர் சொன்ன விஷயம் இவற்றை ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு வாருங்கள்.

ஒயரை வெட்டலாமா?

கூடாது. கணவரின் கோபம் புரிகிறது. ஆனால் சிம் இருக்கும் அந்தப் பெட்டி விளம்பரத்துக்காக மட்டும் வைத்தது அல்ல. பல வண்டிகளில் விபத்து நேர்ந்து காற்றுப்பை விரிந்தால் தானாக உதவி கேட்டு அழைப்பதும், வண்டி திருடு போனால் இடத்தைக் காட்டுவதும் அதே பெட்டிதான். வெளி ஆள் கைவைத்த தடயம் இருந்தால், நாளை வேறு எந்த மின் கோளாறு வந்தாலும் வாரண்டி கிடையாது என்று சொல்ல நிறுவனத்துக்கு வசதியாகப் போய்விடும். உங்கள் வழக்கிலும் அதையே காட்டி வாதிடுவார்கள்.

வெட்டாமலே குறைக்க வழிகள் உண்டு. வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, கைபிரேக் போட்டுவிட்டு, அரை மணி நேரம் ஒதுக்குங்கள். திரையின் அமைப்புகளில் அறிவிப்புகள், தனியுரிமை, இணைய சேவை என்ற மூன்று இடங்களில் தேடுங்கள். விளம்பர அறிவிப்பு, தகவல் பகிர்வு என்று இருப்பவற்றை அணையுங்கள். அணைக்கும் முன்னும் பின்னும் திரையைப் போட்டோ எடுங்கள். போனில் உள்ள ஆப்புக்குத் தொடர்பு எண்கள், மைக், இருப்பிடம் இவற்றுக்கான அனுமதியை எடுத்துவிடுங்கள். ப்ளூடூத் இணைக்கும்போது உங்கள் போனில் உள்ள எல்லா எண்களையும் வண்டி நகல் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கும். உரக்கடைக்கு வரும் விவசாயிகளின் எண்கள் எல்லாம் அதில் இருக்கும், வேண்டாம் என்று சொல்லுங்கள். அணைத்த பிறகும் விளம்பரம் வந்தால் வருத்தப்படாதீர்கள். அது உங்கள் வழக்குக்குக் கிடைத்த மிகச் சிறந்த சாட்சி.

பணம் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காது என்றுதான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முழுப் பணத்தையும் திருப்பித் தரவோ புது வண்டி தரவோ நுகர்வோர் ஆணையம் (நீங்கள் சொல்லும் நுகர்வோர் கோர்ட்) உத்தரவிட வேண்டுமானால், திரும்பத் திரும்பச் சரிசெய்தும் தீராத உற்பத்திக் குறைபாடு இருப்பதை நிபுணர் அறிக்கையோடு நிரூபிக்க வேண்டும். என்ஜினும் கியரும் நன்றாக ஓடும் வண்டியை விளம்பரத்துக்காகத் திருப்பிக் கொடுக்க முடியாது. கேட்கக்கூடியவை வேறு: விளம்பரத்தை நிரந்தரமாக நிறுத்த வேண்டும், முறையற்ற நடவடிக்கையை இனித் தொடரக் கூடாது, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு. இழப்பீட்டைக் கடையில் விலை பேசுவதுபோல் ஏற்றிச் சொல்லாதீர்கள். நியாயமான தொகை கேட்டவரின் பேச்சுக்கு ஆணையத்தில் எடை கூடும்.

கடை பெயரில் பில் இருப்பது ஒரு தடைதான், ஆனால் கதவு மூடிவிடவில்லை. வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் பார்க்க வேண்டியது பில்லில் உள்ள பெயரை அல்ல, வண்டி எதற்காகப் பயன்பட்டது என்பதை. ஒரு நிறுவனம் தன் இயக்குநரின் சொந்தப் பயன்பாட்டுக்காக வாங்கிய காரை வணிக நோக்கம் என்று ஒதுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் தீர்ப்பளித்திருக்கிறது. உங்கள் தாயாரின் டயாலிசிஸ் அட்டையில் ஒவ்வொரு வருகைக்கும் தேதி போட்டு முத்திரை இருக்கும். ஃபாஸ்டாக் கணக்கில் அதே தேதிகளில் சுங்கச்சாவடி கடந்த பதிவு இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வண்டி எதற்கு ஓடியது என்று ஆணையத்துக்குப் புரியும். வருமான வரிக் கணக்கில் இந்த வண்டிக்குத் தேய்மானம் காட்டியிருக்கிறீர்களா என்பதை மட்டும் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். காட்டியிருந்தால் வண்டி வணிகத்துக்கானது என்று வாதிடலாம் என்பதால் எதிர்த் தரப்பு அதைத்தான் முதலில் தேடும்.

எந்த வரிசையில் போவது

முதலில் தயாரிப்பு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கும் டீலருக்கும் ஒரே கடிதத்தை மின்னஞ்சலிலும், ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புங்கள். ஷோரூமில் நேரில் போய்ப் பேசியதற்கு எந்தத் தடயமும் இல்லை. இனிமேல் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். இப்படி எழுதலாம்:

"இந்தத் தேதியில், இந்த நேரத்தில், இந்த இடத்தில் வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது வரைபடத்தை மறைத்து விற்பனை விளம்பரம் தோன்றியது. அதை மறுக்கும் வசதி திரையில் இல்லை. மூட முயன்றபோது விபத்து நேரவிருந்தது. விளம்பரம் பெறுவதற்கு நான் சம்மதம் கொடுக்கவில்லை. கொடுத்ததாக நீங்கள் கருதினால் இந்தக் கடிதத்தின் மூலம் அதைத் திரும்பப் பெறுகிறேன். பாதுகாப்புக்கான சேவைகளைத் தவிர மற்ற அறிவிப்புகளை 15 நாட்களுக்குள் நிறுத்துங்கள். நான் எந்த நாளில், எந்த மொழியில், எந்த வாசகத்துக்குச் சம்மதித்தேன் என்பதற்கான பதிவைத் தாருங்கள். என் தகவல் யாருக்கெல்லாம் தரப்பட்டது என்று தெரிவியுங்கள்."

பதில் வராவிட்டாலோ மழுப்பலாக வந்தாலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே புகார் சொல்லலாம். பல நிறுவனங்கள் அங்கிருந்து கடிதம் போனதும் இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். இதே வண்டி வைத்திருக்கும் வேறு சிலருக்கும் இந்தத் தொல்லை இருந்தால், எல்லாரும் சேர்ந்து மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுங்கள். நுகர்வோர் பலரைப் பாதிக்கும் முறையற்ற நடவடிக்கை பற்றிய புகாரை ஆட்சியர் பெறலாம் என்று சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் பட்டா, முதியோர் உதவித்தொகை மனுக்களோடு இப்படி ஒரு மனுவும் போகட்டும்.

அதற்கும் பலன் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருப்பதால் அங்கேயே போகலாம். வண்டி வாங்கியது வேறு மாவட்டமாக இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்ய உரிமை உண்டு. 17 லட்சத்துக்குக் கட்டணம் 400 ரூபாய். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்; வழக்கறிஞர் வைக்காமல் நீங்களே பேசலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: ஒப்பந்தமே நியாயமற்றது, அந்த நிபந்தனையை ரத்து செய்யுங்கள் என்று கேட்டால் வழக்கு மாநில ஆணையத்துக்குப் போய்விடும். வீணாக அலைய வேண்டாம். முறையற்ற வணிக நடவடிக்கை, சேவைக் குறைபாடு என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். விளம்பரம் தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது என்பதால் நேரம் நிறைய இருக்கிறது. ஆனால் வீடியோ ஆதாரத்தை இப்போதே எடுத்துவிடுங்கள். நாளை ஒரு மென்பொருள் புதுப்பிப்பு வந்து எல்லாவற்றையும் மாற்றிவிடலாம்.

வீடியோவை ஓட்டிக்கொண்டே எடுக்காதீர்கள். ஓட்டும்போது போனைக் கையில் பிடிப்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில் குற்றம், நம் வழக்கையும் அது கெடுத்துவிடும். ஸ்டார்ட் செய்யும்போது வருவதை நின்றபடியே எடுத்துவிடலாம். ஓடும்போது வருவதை எடுக்க, அக்கா மகனை ஒரு நாள் பக்கத்து இருக்கையில் மதுரை வரை கூட்டிக்கொண்டு போங்கள். சட்டப் புத்தகத்தைவிட அந்தப் பயணத்தில் அவர் நமக்கு அதிகம் உதவுவார். திரையோடு சேர்த்து வேகமானியும் கடிகாரமும் ஒரே காட்சியில் விழும்படி எடுக்கச் சொல்லுங்கள். பாதிவழியில் பெட்டி குதித்தால் தொடாதீர்கள்; வரைபடம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஓரமாக நிறுத்தும் இடம் வரும்வரை அப்படியே இருக்கட்டும். மதுரை ரோடு உங்களுக்கு மனப்பாடம்தானே.

கடைசியாக, வண்டி எடுத்த அன்று எடுத்த போட்டோக்களை உறவினர்களின் போன்களிலும் தேடிப் பாருங்கள். மாலை போட்ட காருக்குப் பக்கத்தில் நீங்கள் சாவியோடு நிற்கும் படத்தில், பின்னால் அந்தப் பையன் உங்கள் போனைக் கையில் வைத்துத் தட்டிக்கொண்டிருப்பது விழுந்திருந்தால், அதை நேரம் தெரியும்படி அசல் கோப்பாகவே பத்திரப்படுத்துங்கள். மனுவோடு இணைக்கும் ஆவணங்களில் அதுதான் முதல் எண்.